எல்லாப் பாலிப்பையும் சுட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருங்குடலில் பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) என்றாலே ‘கொலனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனையில்) சுட்டு எடுத்துவிடலாம்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்கப்படும் பாலிப்புகளில் பெரும்பாலானவை 1 செ.மீ.க்கும் சிறியவை. அவற்றுக்குச் சூடே தேவையில்லை. ஸ்னேர் எனப்படும் சுருக்குக் கம்பியை, சுற்றிலும் 1-2 மி.மீ. நல்ல சளிப்படலமும் (குடலின் உள்தோல்) சேரும்படி மாட்டி இறுக்கினாலே அறுந்து வந்துவிடும். உடனே சிறிது ரத்தம் கசியும், பெரும்பாலும் தானே நின்றுவிடும். மின்சாரம் பாய்ச்சி அறுத்தால் அந்த நேரத்தில் இடம் சுத்தமாகத் தெரியும். ஆனால் சூடு அடியிலுள்ள ரத்தக்குழாய் வரை இறங்கிப் புண்ணாக்கிவிடும். பொருக்கு உதிரும்போது, சில சமயம் இரண்டு வாரம் கழித்துக்கூட, ரத்தப்போக்கு வருவது இதனால்தான்.

காம்புள்ள பெரிய பாலிப்புக்கு மின்சாரம் வேண்டும், காம்புக்குள் தடித்த ரத்தக்குழாய் ஓடுகிறது. தலை 2 செ.மீ. அல்லது காம்பு 1 செ.மீ. தடிமன் இருந்தால், அறுக்கும் முன்பே காம்பில் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் ஊசியோ (10,000-க்கு 1 அளவு), காம்பை இறுக்கும் கிளிப்போ, லூப் எனப்படும் கண்ணியோ போடுவது அவசியம்.

சிக்கல் தட்டையான பெரிய பாலிப்பில்தான். அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் செலுத்தி, மேலே எழும்பச் செய்து அறுப்பது இ.எம்.ஆர். ஊசி போட்டும் எழும்பாவிட்டால் புற்றுநோய் ஆழமாக இறங்கியிருக்கலாம், அல்லது பழைய பயாப்ஸியின் (சோதனைக்காகச் சதையைக் கிள்ளி எடுத்ததன்) தழும்பு பிடித்து இழுக்கலாம். ஆகவே, பிறகு எடுக்கப்போகும் தட்டைப் பாலிப்பைக் காரணமில்லாமல் கிள்ளி வைப்பது கெடுதல். 2 செ.மீ.க்கு மேல் போனால் இ.எம்.ஆரில் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். மிச்சம் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப முளைக்கும். அறுத்தபின் ஓரத்தைச் சுற்றிலும் ஸ்னேர் நுனியால் லேசாகச் சுடுவது இதை வெகுவாகக் குறைக்கிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 21 சதவீதம் 5 ஆக இறங்கியது. சூடு உண்மையிலேயே பலன் தரும் இடம் இது.

மேலோட்டமான புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் இ.எஸ்.டி. நல்லது. மின்கத்தியால் சுற்றிக் கீறி, அடியிலிருந்து உரித்து, முழுத் துண்டாக எடுப்பார்கள். நேரம் அதிகம், குடல் ஓட்டையாகும் ஆபத்தும் அதிகம். ஆனால் புற்றுநோய் ஓரம் வரை எட்டியதா, எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது எடுத்த துண்டைச் சோதிக்கும்போது தெளிவாகத் தெரியும். துண்டுகளாக வந்ததில் அது தெரியாது.

நோயாளிகள் அறிக்கையில் ‘ஒரே துண்டா, பல துண்டுகளா’ என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். 2 செ.மீ.க்கு மேற்பட்டது பல துண்டுகளாக வந்திருந்தால், வலியே இல்லாவிட்டாலும், ஆறு மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
குடல்நோய் மருத்துவர்கள்