நாயோட வர்றவங்க படலுக்கு வெளிய நின்னு ஒரு குரல் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

காங்கேயத்துக்குப் பக்கத்துல கொரங்காடுங்கற மேய்ச்சல் நெலம் வெச்சு செம்மறி வளக்கற குடும்பமுங்க எங்களுது. தெருநாய் கடிச்சு ஆடு சாகறதப் பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி போடறீங்க, நெம்ப நல்ல விசயம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் செத்த ஆட்டை ரோட்டுல கொண்டாந்து போட்டு இழப்பீடு கேட்டு விவசாயிங்க உக்காந்தது உங்க வாசகருங்களுக்கெல்லாம் தெரியும். ஆனா நான் எழுதறது தெருநாயப் பத்தி இல்லைங்க. கழுத்துல பெல்ட்டு போட்டு கார்ல வர்ற வளப்பு நாயப் பத்தி, அதுலயும் நாயக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அதக் கூட்டிட்டு வர்றவங்களுக்குத்தான் இந்த லெட்டரு.

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம நடந்தத மொதல்ல சொல்லீர்றேன். மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும். ஆடெல்லாம் வெள்வேல மரத்தடியில படுத்து அசை போட்டுட்டு இருந்துச்சு. நான் சாளையில சோறு வடிச்சுட்டு இருக்கறேன், ஊட்டுக்காரரு சந்தைக்குப் போயிட்டாரு. தடத்துல ஒரு கார் வந்து நின்ன சத்தம் கேட்டுது. கோயமுத்தூர்ல இருந்து சிவன்மலைக்கு வந்த குடும்பமாம், போற வழியில கொரங்காட்டையும் ஆட்டையும் பார்த்துட்டு போட்டோ எடுக்கலாம்னு எறங்கிருக்காங்க. அதுல தப்பே இல்ல, எத்தனையோ பேரு வந்து எடுத்துட்டுப் போறாங்க, நானும் மோர் குடுத்து அனுப்பிருக்கேன். அன்னைக்கு வந்தவங்க ஒரு குரல் குடுக்காம படலத் தொறந்துட்டாங்க. கூட வந்த பெரிய நாய், செவலைக் கலர்ல நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு, அதோட கவுத்தையும் அவுத்து விட்டுட்டாங்க, "பாவம் ரெண்டு மணி நேரமா கார்லயே இருக்குது, கொஞ்சம் ஓடட்டும்"னு.

கொரங்காடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். சுத்தியும் முள்ளுக் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். அந்த வேலிய நம்பித்தான் காலைல ஆட்டை உள்ள விட்டு படலச் சாத்திட்டு நாங்க வேற வேலைக்குப் போறது. பின்னால ஆளே நிக்காது. வெளிய இருந்து எதுவும் உள்ள வராதுங்கற தைரியத்துல தலைமுறை தலைமுறையா நடக்கற மேய்ச்சல் இது. அதே வேலிதான், நாய் உள்ள பூந்துருச்சுன்னா ஆட்டுக்கு வெளிய ஓட வழியில்லாமப் பண்ணீருது.

நாய் என்னமோ வெளையாடத்தான் ஓடுச்சு, நான் பார்த்த மட்டுக்கும் ஒரு ஆட்டைக் கூட கடிக்கல. ஆனா செம்மறிக்கு அது வெளையாட்டுன்னு எப்படிங்க தெரியும்? முப்பது ஆடும் ஒரே ஓட்டமா ஓடி வேலி மூலையில போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கிக் கெடந்துச்சு. நான் கையில இருந்த கரண்டியோட ஓடறேன், கத்தறேன், அந்தத் தம்பி பின்னாலயே வந்து "அக்கா பயப்படாதீங்க, அது ஒண்ணும் பண்ணாதுக்கா, ரொம்ப ஃப்ரெண்ட்லி"ங்கறாரு. நாயப் புடிச்சு கார்ல ஏத்தறதுக்கு கால் மணி நேரம் ஆச்சு. மூலையில போய் ஆட்டை ஒவ்வொண்ணா தூக்கி நிறுத்தறேன், அடியில கெடந்த சினை ஆடு எந்திரிக்கவே இல்ல. கண்ணு மட்டும் தொறந்துருக்குது, விலாப்பக்கம் படக்கு படக்குன்னு அடிச்சுக்குது, கிளுவை முள்ளு காதைக் கிழிச்சு ரத்தம் வடியுது. செம்மறிக்கு சினைக்காலம் அஞ்சு மாசமுங்க, அதுக்கு இன்னும் பத்து நாள் கூட இல்ல. பொழுதோட அது செத்துப் போச்சு. அடுத்த ரெண்டு நாள்ல இன்னும் ரெண்டு ஆடு குறைமாசத்துலயே குட்டிய வீசிருச்சு. மூணு குட்டி, ரோமமெல்லாம் மொளைச்சு முழுசா இருந்துச்சு, ஊட்டுக்காரரு வேப்பமரத்துக்குப் பக்கத்துல குழி தோண்டிப் பொதைச்சாரு.

அந்தத் தம்பி கெட்டவரில்லைங்க. நான் அழுகறதப் பார்த்து பர்ஸை எடுத்து ஐநூறு ரூபாய நீட்டினாரு, நான் வாங்கல. அவரு சம்சாரம் கூட நின்னு கண்ணு கலங்குச்சு. ஆனா கார்ல ஏறும்போதும் "கடிக்கவே இல்லையே, ஏன் இப்படி ஆச்சு"ன்னுதான் அவரு கேட்டுட்டு போனாரு. அந்தக் கேள்விக்குத்தான் இப்ப பதில் எழுதறேன். கடிச்சாத்தான் சேதம்னு நெனைக்கறாங்க பாருங்க, அங்கதான் எல்லாமே தப்பாப் போகுது.

நாங்களும் நாய் வளக்கறவங்கதான். காவலுக்கு ரெண்டு நாட்டு நாய் இருக்குது, பகல்ல கட்டிப் போட்டுட்டு ராத்திரி அவுத்து விடுவோம், எங்க ஆட்டுக்கு அது பழக்கம். அதே நாயக் கூட்டிட்டு இன்னொருத்தர் தோட்டத்துக்குப் போக மாட்டோம். ஏன்னா அங்க என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியாது. கோழி குஞ்சோட மேயும், கன்னு போட்ட மாடு கட்டியிருக்கும், அந்தத் தோட்டத்து நாய் அவுந்திருந்தா கழுத்தைக் கவ்விரும், எலிக்கு மருந்து வெச்சிருப்பாங்க. வர்ற நாய்க்குத்தான் அதுல ஆபத்து அதிகம், டவுன்ல வளந்த நாய்க்கு பாம்பும் தெரியாது மருந்தும் தெரியாது.

எச்சம் போறதையும் சொல்லீர்றேன். மாட்டுச் சாணி மாதிரி அதுவும் உரந்தானேன்னு நெனைச்சு மாட்டுக்குப் போடற தட்டுப்போர் பக்கத்துலயே விட்டுட்டுப் போறாங்க. அப்படி இல்லைங்க. நாய் எச்சத்துல குடல்புழு முட்டை இருக்கும், அது குழந்தைங்களுக்கு ஆகாது. நாய் எச்சத்துல வர்ற ஒரு வகைக் கிருமி தீவனத்துல கலந்து மாடு தின்னா சினை கலைஞ்சு போகும்னு எங்க மாட்டு டாக்டரு சொன்னாரு. ஒரு கவர் கையில இருந்தா அள்ளிட்டுப் போயிரலாம், பெரிய வேலையே இல்ல.

இது தோட்டத்துல மட்டும் நடக்கறதில்ல. பெரிய பையன் கோயமுத்தூர்ல சரவணம்பட்டியில அபார்ட்மெண்டுல இருக்கறான், பேரனைப் பார்க்க அடிக்கடி போவேன். பேரனுக்கு ஆறு வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவனை ஒரு நாய் கடிச்சு, ஆஸ்பத்திரியில மொத நாள், மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்னு கணக்கு வெச்சு ஊசி போட்டோம். அதுல இருந்து நாயக் கண்டாலே என் சேலைக்குப் பின்னால வந்து ஒளிஞ்சுக்குவான். ரேஸ்கோர்ஸ்ல காலைல நடக்கப் போனப்ப ஒருத்தரு இழுத்தா நீளற கவுத்துல நாயக் கட்டிட்டு போன் பேசிட்டு வந்தாரு, கவுறு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு ரோட்டை மறிச்சுட்டுக் கெடக்குது. நாய் நேரா எங்ககிட்ட வருது, பையன் அலறறான். அவரு சிரிச்சுட்டே "ஒண்ணும் பண்ணாது கண்ணு, தொட்டுப் பாரு, தொட்டாத்தான் பயம் போகும்"னு நாய இன்னும் கிட்ட கொண்டாராரு. நான் கையெடுத்துக் கும்புட்டு சார் தள்ளிப் போங்கன்னு சொன்னதுக்கு அப்பறந்தான் போனாரு, அதுவும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு. பயப்படற புள்ளைக்கு பயம் தெளியறது அதோட நேரத்துக்கு, அது இஷ்டத்துக்குத்தான். நடக்கற எடத்துல, பார்க்குல, கொளத்துக்கரையில எதிர்ல ஆள் வந்தா கவுத்தைக் குட்டையாப் புடிச்சு நாய நம்ம உடம்புக்கு அந்தப் பக்கம் மாத்திக்கிட்டா போதும். வயசானவங்க கைத்தடியோட வருவாங்க, நாய் பாசமாத் தாவினாலும் அவங்க விழுந்துருவாங்க.

எங்க அப்புச்சி சின்ன வயசுல நாய்க்கடிக்கு தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி போட்டுக்கிட்ட கதையச் சொல்லிச் சொல்லியே எங்களை வளத்தாரு. குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907லயே இதுக்குன்னு வந்துருச்சு, நம்ம மலை மேலயே இருக்கற ஆஸ்தி அது. இன்னைக்கு ஊசி கையிலதான், அரசு ஆஸ்பத்திரியில காசில்லாமப் போடறாங்க. ஆனா வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தெரிய ஆரம்பிச்சுட்டா அதுக்கப்பறம் காப்பாத்தறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், அது மட்டும் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். உலகம் முழுக்க வருசத்துக்கு 59,000 பேரு சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல நம்ம நாட்டுல. அதனால சின்னக் கீறல்னாலும் ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும். இன்னொருத்தர் ஊட்டுக்கு நாயோட போறவங்க வருசா வருசம் ஊசி போட்ட புத்தகத்தை வண்டியில வெச்சிருங்க, கேட்டா காட்டுங்க. கேக்கறவங்க சந்தேகப்பட்டுக் கேக்கலைங்க, புள்ளைங்க இருக்கற ஊடுன்னு கேக்கறாங்க.

ஒறம்பரையா வர்றவங்களுக்கும் இதேதான். எங்க நாத்தனார் மகன் காதுகுத்துக்கு முன்கூட்டிச் சொல்லாம நாயோட வந்துட்டான். ஊட்டுக் கூடத்துல வயசான அமுச்சி மூச்சுத் தொந்தரவோட படுத்திருக்குது, இலை போட்டு பந்தி நடக்குது, நாய் இலைக்கு நடுவுல போகுது. போடான்னும் சொல்ல முடியாது, வாடான்னும் சொல்ல முடியாது. முன்னாடி நாளே ஒரு போன் பண்ணி "அத்தை, நாயக் கூட்டிட்டு வரட்டுமா"ன்னு கேட்டிருந்தா வேப்பமரத்தடியில கட்ட எடம் பண்ணி ஒரு சட்டியில தண்ணி வெச்சிருப்பேன். வேண்டாம்னு சொல்றவங்களும் இருப்பாங்க, அதுக்கு காரணம் கேக்கக் கூடாது, கோவிச்சுக்கவும் கூடாது.

சட்டத்தப் பத்தி பையன்கிட்டக் கேட்டேன். 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது பாரதிய நியாய சன்ஹிதாவுல 291வது பிரிவு இருக்குதாம், தன்கிட்ட இருக்கற பிராணியால மனுச உயிருக்கோ பலத்த காயத்துக்கோ ஆபத்து வராம பார்த்துக்காம அலட்சியமா இருந்தா 6 மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லைன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட போடலாமாம். அது மனுசனுக்கு ஆபத்து வந்தாத்தான், பயந்து குட்டி வீசின ஆட்டுக்கு அதுல எடமில்ல. அபார்ட்மெண்டுல நாய் வளக்கவே கூடாதுன்னு சங்கத்துல முடிவு போட முடியாதுன்னும் சொன்னான், விலங்குகள் நல வாரியம் 2015லயே லிஃப்ட்டுல கூட நாயத் தடுக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சாம், அதுவும் நியாயந்தான், வளக்கறவங்களுக்கும் எடம் வேணும். ரயில்ல கூட முதல் வகுப்புல தனி அறையா புக் பண்ணினாத்தான் நாய நம்மகூட வெச்சுக்க விடறாங்க, அங்க எல்லாரும் கேட்டுட்டுத்தானுங்க போறாங்க. எங்க படல்ல மட்டும் ஏன் கேக்கறதில்ல?

நம்ம பக்கம் ஆரு வந்தாலும் வாசலுக்கு வெளிய நின்னு "ஊட்டுல ஆருங்க"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. போன வாரம் ஒரு பொண்ணும் அப்பாவும் கார்ல வந்தாங்க. படலத் தொடவே இல்ல. அந்தப் பொண்ணு வெளிய நின்னு "அம்மா, வண்டில நாய் இருக்குது, எறக்கலாமுங்களா"ன்னு கேட்டுச்சு. ஆடு சினையா இருக்குது கண்ணு, உள்ள வேண்டாம்னேன். சரிங்கம்மான்னு தடத்தோரம் புளியமரத்துல கட்டிட்டு அப்பா நாயோட நின்னுக்கிட்டாரு, பொண்ணு மட்டும் உள்ள வந்து ஆட்டைப் பார்த்து போட்டோ எடுத்துட்டு, போறப்ப படல அதுவாவே சாத்தி கவுத்தை மாட்டிட்டு போச்சு. நாய்க்கு நான் தண்ணி கொண்டு போய் வெச்சேன், வாலை ஆட்டிட்டு முழுச் சட்டியும் குடிச்சுது.

வர்ற லீவுல கோயமுத்தூர், திருப்பூர்ல இருந்து நெறைய பேரு கார் எடுத்துட்டு இந்தப் பக்கம் வருவீங்க. தாராளமா வாங்க. நாய் கூட இருந்தா படலுக்கு வெளிய நின்னு ஒரு குரல் குடுங்க, நாங்க வந்து சொல்றோம். எத்தன தடவை கூப்பிட்டும் ஆள் வரலைன்னா தோட்டத்துல ஆளில்லன்னு அர்த்தம், அப்ப படலத் தொறக்காதீங்க.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் ஒரு விவசாயி,
காங்கேயம் வட்டம்