சட்பரிக்குப் போகிற வெள்ளிக்கிழமை

ஸ்காபரோ, ரொறொன்ரோ, கனடா
தை மாதக் கடைசி, திங்கள் இரவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

வடக்கே சட்பரியில் வேலை செய்கிற அத்தானிட்டைக் காரில் போய் வந்தது எப்படி என்று கேட்டிருந்தாய். கணக்காய்ச் சொன்னால், போக வர 800 கிலோமீற்றர். இரண்டு பேரும் ஒன்றாய் முழித்திருந்தது 10 மணித்தியாலம். உன்ரை அவரும் சட்பரிப் பக்கம் வேலை எடுக்கப் போகிறார் என்றபடியால், மிச்ச நேரம் எங்கே போகிறது என்று இப்பவே எழுதிவிடுகிறேன். 'சனி ஞாயிறு போய் வரலாம்தானே' என்று அம்மா சொல்லுவா. கோடையில் அது சரி.

நல்ல காலநிலையில் நாலரை மணித்தியால ஓட்டம். 400 ஆம் நெடுஞ்சாலை வடக்கே போய்ப் பிறகு 69 ஆகும். முதலில் பாரி, பிறகு பாரி சவுண்ட். எங்கடை எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடக்கு, மாறி விளங்காதே. நடுவில் 130 கிலோமீற்றர். ஸ்னோக் கரைச்சல் பெரும்பாலும் அந்த இரண்டு பாரிக்கும் இடையில்தான். மேற்கே ஜோர்ஜியன் வளைகுடா. அது உறையும் மட்டும், மேலால் வருகிற குளிர்காற்று தண்ணியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் ஸ்னோவாய்க் கொட்டும். ரொறொன்ரோவில் வானம் வெளிச்சிருக்க, அங்கே முன்னால் போகிற காரின் சிவப்பு லைற்றே தெரியாது. ஆனபடியால் வீட்டு யன்னலைப் பார்த்து வெளிக்கிடக் கூடாது. மாகாணத்தின் 511 என்கிற வீதி நிலவரச் சேவையில் பாதை திறந்திருக்கா என்று வெளிக்கிட முதலும், பாரியில் பெற்றோல் அடிக்கும்போது திரும்பவும் பார்க்கவேணும். அதற்கு அங்காலை பெற்றோல் நிலையங்கள் ஐதாகிவிடும், தாங்கியை அரைக்குக் கீழே விடாதே. பாரி சவுண்டைத் தாண்டி ஒரு நீளத்துக்குப் போக ஒரு ஒழுங்கை, வர ஒரு ஒழுங்கை, அவ்வளவுதான். எதிரில் வருகிற லொறி அடிக்கிற சேறு கண்ணாடியை மூடிவிடும். கண்ணாடி கழுவுகிற தண்ணி -40 என்று போட்ட போத்தலாய் இருக்கவேணும். கோடைத் தண்ணி குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். ஒரு போத்தல் மேலதிகமாய் வை.

ரயர் விஷயத்தில் காசு பார்க்காதே. 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகி வழுக்கும். மலைக்குள் ஸ்னோப்பூ கீறின அடையாளம் இருக்கிறதாய்ப் பார்த்து நாலையும் மாற்றவேணும். இரண்டு மட்டும் மாற்றினால் வளைவில் கார் சுழலும். இன்னொன்று: -15 க்குக் கீழே வீதியில் போடுகிற உப்பு பெரிதாய் வேலை செய்யாது. கறுப்பாய், ஈரம்போல மினுங்குகிற இடம்தான் பயம், வெள்ளையாய்க் கிடக்கிற இடமில்லை.

வழியில் மாட்டுப்பட்டால் காரை விட்டு இறங்கி நடக்காதே. புகைக்குழாய் வாயை மூடின ஸ்னோவை முதலில் சவளால் தள்ளு, இல்லாவிட்டால் நச்சுப்புகை உள்ளே வரும், மணமே இராது. மணித்தியாலத்துக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சினைப் போடு, காற்றடிக்காத பக்க யன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்து. போர்வை, சவள், ஒரு பை மணல், இவ்வளவும் டிக்கிக்குள் எப்போதும் கிடக்கட்டும்.

சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் முதல் தடவை ஒரே பிழைதான் விடுகிறார்கள். டிக்கியில் வைத்தால் முருங்கைக்காய் உறைந்து, வீட்டுக்குள் கொண்டுவர இளகிச் சளசளத்துப் போகும், வாழைப்பழம் கறுக்கும். ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடு, ஐஸ் போடாமல். குளிரை உள்ளே வைக்கிற பெட்டி குளிரை வெளியிலும் வைக்கும். கறியை மட்டும் முதல்நாளே பைகளில் தட்டையாய் உறையவைத்து டிக்கியில் போடலாம், ஊத்துப்படாது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். அத்தானுக்கு வெள்ளி இரவு 12 மணித்தியால வேலை, காலமை 7 மணிக்கு முடியும். நித்திரையால் எழும்ப 2 மணி. அங்கே இப்ப 5 மணி தாண்ட இருட்டு. வெளிச்சத்தில் மிஞ்சின மூன்று மணித்தியாலத்தில் ஒன்று வாசலுக்கு: வீதி துப்புரவாக்குகிற லொறி ஒதுக்கிவிட்டுப் போகிற வரம்பு சீமெந்துபோல இறுகிக் கிடக்கும், அதை வெட்டாமல் கார் வெளியே வராது. இன்னொன்று பற்றறிக்கு. -18 இல் பற்றறியின் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எஞ்சின் எண்ணெயும் தடித்துவிடும். அங்கத்தைக் கார்களில் எஞ்சினுக்குள் சின்னச் சூடாக்கி ஒன்று பூட்டி, முன்னுக்கு வயர் தொங்கவிட்டிருப்பார்கள். வெளிக்கிட மூன்று நாலு மணித்தியாலம் முன்னம் அதைக் கரண்டில் கொடுக்கவேணும். ரொறொன்ரோக் கார்களில் அது அனேகமாய் இராது, என்ரையிலும் இல்லை.

குளிரில் பற்றறி செத்து எஞ்சின் ஓடத் தொடங்காவிட்டால் அடுத்த காரிலிருந்து கரண்ட் எடுக்கவேணும். சிவப்பு வயரைச் செத்த பற்றறியின் கூட்டலில், மற்ற முனையை நல்ல பற்றறியின் கூட்டலில். கறுப்பை நல்லதின் கழித்தலில். கடைசி முனையைச் செத்த பற்றறியில் பூட்டாதே, தள்ளியிருக்கிற எஞ்சின் இரும்பில் பூட்டு. பற்றறியிலிருந்து வருகிற வாயுவில் பொறி பட்டால் வெடிக்கும். திரும்பச் சொன்னாலும் பரவாயில்லை, கடைசி முனை இரும்பில்.

ஞாயிறு 11 மணிக்கு வெளிக்கிட்டால்தான் பாரியை வெளிச்சத்தில் கடக்கலாம். அதனால் ஞாயிறு காலமை என்று ஒன்று கிடையாது. மணிக்கூட்டைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கிறதுதான். ஹீற்றர் சூட்டில் மூக்கு வறண்டு, ஆளும் வறண்டு, ஏதேன் சின்னக் கதையில் கோபம் வரும். அவர் மாறிப்போனார் என்று அப்போது நினைக்காதே. நித்திரைக் குறைவு.

நீ வந்தால் இப்படிச் செய். மார்கழியும் தையும் வெள்ளி பின்னேரம் வெளிக்கிடுகிற வேலையே வேண்டாம். மாசியில் மூன்றாம் திங்கள் இங்கே குடும்ப நாள், அரச விடுமுறை. அதோடு வெள்ளியையும் லீவாய் எடுத்து, காலமை 9 மணிக்கு வெளிக்கிட்டால் பகலிலேயே போய்விடலாம், மூன்று இரவு கிடைக்கும். அந்த வெள்ளி இரவு வேலையை மாற்றச் சொல்லி அவர் ஒரு மாதம் முன்னமே கேட்கவேணும். ஒன்ராறியோ நோர்த்லாண்ட் பஸ்ஸும் ஓடுது. நேரம் கூட, ஆனால் நித்திரை கொள்ளலாம். நானும் அடுத்த முறை அதில்தான்.

கொழும்பில் குளிருடுப்பு வாங்காதே, மழைக்குத்தான் உதவும். சப்பாத்து இங்கே நான் வாங்கி வைக்கிறேன். இரண்டு சோடி காலுறை போட்டு, கடதாசியில் காலை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கீறிப் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் ஒரு அடிமட்டமும் தெரியட்டும்.

இப்படிக்கு,
அக்கா