தாவர என்சைம் மாத்திரை வாங்குமுன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெல்லை, பாளை, தென்காசி என்று எங்கே பார்த்தாலும் மருந்துக் கடை அலமாரியில் ‘தாவர என்சைம்’ செரிமான மாத்திரைகள் இருக்கின்றன. ‘செடியிலிருந்து எடுத்ததுதானே, என்ன கெடுதல் வந்துவிடும்’ என்று வேளைக்கு ஒன்றாகப் போடுகிறார்கள். பொருமல், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் அதே மாத்திரைதான். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை? ஏனென்றால் என்சைம் என்பது உணவைச் செரிப்பதற்காக உடைக்கும் நொதி; ஒவ்வொரு என்சைமும் அதற்குரிய சத்தை மட்டும்தான் உடைக்கும்.

பப்பாளிக்காய்ப் பாலில் உள்ள பப்பெயினும் அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமெலைனும் புரதத்தை உடைப்பவை. முற்றல் ஆட்டுக்கறி வேக பப்பாளிக்காய்த் துண்டு போடுவது அதனால்தான். ஆனால் கல்யாண வீட்டுச் சொதியை ஒரு கை பார்த்துவிட்டு வயிறு கனத்தால் பப்பெயின் ஒன்றும் செய்யாது. அந்தக் கனம் தேங்காய்ப் பாலின் கொழுப்பு. சொதிக்கு இஞ்சித் துவையலைத் துணை சேர்த்தவர்கள் விவரமானவர்கள். இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதை இஞ்சி விரைவுபடுத்தும். நன்றாகப் பழுத்த பப்பாளியிலும் பப்பெயின் மிகக் குறைவு. அது மலச்சிக்கலுக்கு உதவுவது நார்ச்சத்தாலும் நீராலும்தான்.

பால் குடித்தால் வயிறு இரைகிறதா? அது பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்சைமின் குறைவாக இருக்கலாம். இரண்டு வாரம் பால், பால் காபி, பால்கோவா எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு ஒரு நாள் வெறும் வயிற்றில் 200 மில்லி பால் குடித்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் பொருமலும் வயிற்றுப்போக்கும் திரும்பி வந்தால் பெரும்பாலும் காரணம் பால்தான். அப்போதும் தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். லாக்டேஸ் மாத்திரை வேண்டுமென்றால் பாலின் முதல் மடக்கோடு போட வேண்டும். குடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் வீண். சொல்லப்போனால் கடையில் கிடைக்கும் லாக்டேஸ் தாவரமே அல்ல, பூஞ்சையிலிருந்தோ ஈஸ்ட்டிலிருந்தோ எடுப்பது.

அட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். என்சைமின் எடை மில்லிகிராமில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அதன் வீரியம் தெரிய வேண்டும். ‘பூஞ்சை டயாஸ்டேஸ் 1:1200’ என்றால் தன் எடையைப்போல் 1200 மடங்கு மாவுச்சத்தை ஆய்வகச் சூழலில் செரிக்கவல்லது என்று பொருள். யூனிட்டோ விகிதமோ இல்லாமல் ‘பப்பெயின் 60 மி.கி.’ என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. டயாஸ்டேஸோடு, புரதத்தை உடைக்கும் பெப்சின் சேர்ந்த சிரப்புகளும் நிறைய உண்டு. பெப்சின் பன்றி இரைப்பையிலிருந்து எடுப்பது. சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமியர்களும் கேட்டு வாங்க வேண்டும். என்சைம் ஒரு புரதம், வெப்பத்தில் கெடும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்த பாட்டிலின் வீரியம் அட்டையில் போட்டபடி இருக்காது.

காசு செலவில்லாத தாவர என்சைம் ஒன்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் ஒன்றிரண்டு நாள் முளைகட்டி, நன்கு காயவைத்து, முளையை உதிர்த்துவிட்டு மாவாக்குங்கள். முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் பெருகும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி ஆறி இளஞ்சூடானதும் இந்த மாவில் அரைத் தேக்கரண்டி கலந்தால் சில நிமிடத்தில் இளகிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். தண்ணீர் ஊற்றி இளக்காததால் ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் அதே கிண்ணத்தில் சத்து கூடுதலாகக் கிடைக்கும். மாவைச் சிவக்க வறுத்தாலோ கொதிக்கிற கஞ்சியில் கொட்டினாலோ அமைலேஸ் செத்துவிடும், கஞ்சி இளகாது. கொண்டைக்கடலையால் வாயு சேர்கிறவர்கள் அதை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தாலே பாதி தொல்லை தீரும்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பப்பெயினையும் புரோமெலைனையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தக் கசிவு கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இவற்றைச் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரப்பர் கையுறை பட்டால் அரிக்கிறவர்களுக்குப் பப்பாளியும் ஒவ்வாமல் போகலாம்.

உண்மையிலேயே என்சைம் தேவைப்படுகிறவர்கள் நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள். நம் தென்தமிழகத்திலும் கேரளத்திலும் குடிப்பழக்கமே இல்லாத இளவயதினருக்கும் அது வருகிறது. கணையத்தின் என்சைம் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் மலத்தில் எண்ணெய் மிதக்கும், எடை இறங்கும். முதுகுவரை பாயும் வயிற்று வலி, சர்க்கரை நோயும் சேரலாம். அவர்களுக்கு வேண்டியது வேளைக்கு 25,000 முதல் 50,000 யூனிட் லைப்பேஸ் (கொழுப்பை உடைப்பது) உள்ள கணைய என்சைம். அதுவும் பன்றியிலிருந்து வருவதுதான். சமயம் காரணமாகத் தயங்குகிறவர்கள் அதை மருத்துவரிடமே சொல்ல வேண்டும். தாமாகப் பப்பாளி மாத்திரைக்கு மாறினால் உடல் உருகிப்போகும்.

இன்னொன்றையும் மருந்துக் கடைக்காரர்கள் மனதில் வைக்க வேண்டும். நாற்பது தாண்டியவரோ சர்க்கரை நோயாளியோ ‘நெஞ்சில் வாயு நிற்கிறது’ என்று வியர்த்துக்கொண்டு வந்து என்சைம் கேட்டால் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள், அது மாரடைப்பாக இருக்கலாம். உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
பாளையங்கோட்டை