ஜெனீவாவில் விலகி நிற்பதைக் கைவிடக் கோரி வெளியுறவுத் துறை அமைச்சருக்கு மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்கள்,
இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை குறித்த தீர்மானங்களை இந்தியா ஆதரிக்கவும், யாழ்ப்பாணம் அருகே செம்மணிப் புதைகுழியில் கிடைத்த எலும்புக்கூடுகளை அடையாளம் காண உதவவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் வீட்டிலிருந்து மண்டபம் இலங்கை அகதிகள் முகாம் நடந்துபோகும் தூரம்தான். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் நொடித்தபோது படகேறி தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கியவர்களில் ஓர் அம்மாவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். மகனைப் பற்றிய இடத்தில் 'காணாமல் போனவர்' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன். "அப்பிடி எழுதாதேங்கோ சேர். அவன் காணாமப் போகேல்லை. வட்டுவாகலிலை நான்தான் ஆமியிட்டைக் கையளிச்சனான்" என்றார். வட்டுவாகல் முல்லைத்தீவுப் பக்கம். 2009 மே மாதம், போரின் கடைசி நாள்களில் நடந்த கதை. எழுதியதை அடித்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மனித உரிமைகள் பேரவை கூடும் ஜெனீவாவில் நாம் போட்ட வாக்குக் கணக்கைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 1988 முதல் 1990 வரை இலங்கையிலேயே பணியாற்றியவர் தாங்கள். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் மனக்குறை விளங்கும். போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், 2009 மே மாதம் கொழும்பே கொண்டுவந்த தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2012, 2013 இரண்டு ஆண்டுகளும் கொழும்பிடம் பொறுப்புக் கேட்கும் தீர்மானங்களை ஆதரித்தது. 2014, 2021, 2022 மூன்று முறையும் ஆதரிக்காமலும் எதிர்க்காமலும் வாக்கெடுப்பிலிருந்து விலகிக்கொண்டது. கடைசி வாக்கெடுப்பில் ஆதரவு 20, எதிர்ப்பு 7, விலகியவை 20. அதற்கு முந்தைய மாதம்தான், அரசியல் தீர்வில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை என்று அதே அவையில் நம் பிரதிநிதி கவலை தெரிவித்திருந்தார். குறை சொல்ல வாய் வருகிறது, கை தூக்க மட்டும் மனம் வரவில்லை.

நெருக்கினால் கொழும்பு சீனாவின் மடியில் போய் உட்கார்ந்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரனுக்கு அக்கரையில் யார் கப்பல் நிற்கிறது என்ற கவலை இல்லாமலா இருக்கும்? ஆனால் விலகி நின்று எதைத் தடுத்தோம்? 2014 மார்ச்சில் விலகினோம். அந்த செப்டம்பரில் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து நின்றது, நவம்பரில் மறுபடியும் வந்தது. இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து மேம்படுத்துவதாக இருந்த கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனைய ஒப்பந்தத்தை 2021 பிப்ரவரியில் இலங்கை கைகழுவியது. அடுத்த மாதமே ஜெனீவாவில் விலகி நின்றோம். 2022இல் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தோம். ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் மீனவர்கள் கைதாவதும் நின்றபாடில்லை.

2013 மார்ச்சில் தீர்மானத்தை ஆதரித்தோம், உறவு முறிந்துவிடவில்லை. அந்த செப்டம்பரில்தான் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் 2014க்குப் பிறகு எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மற்ற நாடுகளைப் பாருங்கள். இலங்கை இராணுவத் தளபதியாக இருந்த சவேந்திர சில்வாவுக்கு, போரின் கடைசிக் கட்ட மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, அமெரிக்கா 2020 பிப்ரவரியில் நுழைவுத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பழைய கப்பல் ஒன்று இலங்கைக் கடற்படைக்குக் கைமாறியது. தடையைக் காரணம் காட்டிக் கப்பலை யாரும் திருப்பி அனுப்பவில்லை! 2025 மார்ச்சில் பிரிட்டன் சில்வா மீதும், வேறு இரு முன்னாள் தளபதிகள் மீதும், புலிகளிடமிருந்து பிரிந்த கருணா மீதும் தடை விதித்தது.

உள்நாட்டு விவகாரம் என்ற சாக்கை ஐ.நா.வில் முதலில் எதிர்த்து நின்றதும் நாம்தான். 1946இல், சுதந்திரம்கூட வராத காலத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்திய வம்சாவளியினருக்காகப் பொதுச்சபைக்குப் போனோம். விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். அந்நாட்டோடு வியாபாரத்தையும் அப்போதே நிறுத்தினோம். இலங்கையோடு அப்படி முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. முறித்தால் முதலில் அடிபடுவது எங்கள் கரைதான்.

தில்லியின் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நம் அமைதிப்படை நுழைந்தபோது மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். புலிகள் செய்த கொலைகளும், ஸ்ரீபெரும்புதூர் உட்பட, மறக்கக்கூடியவை அல்ல. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு இரு தரப்பையும்தான் குற்றம் சாட்டியது. எல்லோர் கணக்கும் பார்க்கப்படட்டும், ஐயா.

2025 அக்டோபரில் பேரவையின் தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறி, சாட்சியங்களைத் திரட்டும் பணி மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீண்டிருக்கிறது. 2026 முதல் 2028 வரை இந்தியா பேரவை உறுப்பினர். எனவே அது மறுபடி வரும்போது இந்தியா வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

அதைவிட உடனே செய்யக்கூடியது செம்மணியில் இருக்கிறது. அங்கே 300க்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998இல் ஒரு படைவீரரே நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி எடுத்தவை 15. பக்கத்திலேயே சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, நீலநிறப் பள்ளிப் பை ஒன்றும் குழந்தையின் விளையாட்டுப் பொருள்களும் அவற்றோடு. மன்னார் புதைகுழியின் எலும்பு மாதிரிகளைக் காலம் கணிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நம் ஹைதராபாத்தில் மரபணு ஆய்வு மையம் இருக்கிறது. இலங்கை அரசின் சம்மதத்தோடு நிபுணர்களையும் ஆய்வக வசதியையும் இந்தியா கொடுக்க முன்வர வேண்டும். இங்குள்ள முகாம்களில் இருக்கும் உறவினர்கள் விரும்பினால் அவர்களிடமும் மாதிரி எடுக்கலாம்.

2025 ஏப்ரலில் இலங்கையோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. நீலகிரி வெல்லிங்டனிலுள்ள படை அதிகாரிகள் கல்லூரி போன்ற இடங்களுக்குப் பயிற்சிக்கு வரும் இலங்கைப் படை அதிகாரிகள் 2009இல் எந்தப் படைப்பிரிவில் என்ன பொறுப்பில் இருந்தார்கள் என்று பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டுகிறேன்.

இம்மனுவுக்கான பதிலை அந்த அம்மாவுக்கு வாசித்துக்காட்ட வேண்டியிருப்பதால் தமிழில் அனுப்புமாறும், அதில் 'காணாமல் போனோர்' என்ற சொல்லைத் தவிர்த்து 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மண்டபம்