தொகையை ஏன் வாசிக்க வேண்டும்?

ஆசிரியருக்கு,

விளைச்சலுக்கு நன்றி சொல்லி தேவாலயங்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் பல ஆயிரம் ரூபாய்க்குப் போனது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். ஏலம் போகட்டும், அதில் ஊர்க் கலகலப்பாவது இருக்கிறது. ஆராதனை நடுவே ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை, கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பதுதான் உறுத்துகிறது. தர்மம் செய்யும்போது தாரை ஊதவேண்டாம் என்று இயேசு சொன்ன மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை வாசிக்கும் அதே இடத்திலிருந்துதான் இந்தப் பட்டியலும் வருகிறது.

எங்கள் சபையில் பீடி சுற்றிப் பிழைக்கும் பாட்டி ஒருவர், உறையில் பெயர் எழுதாமல் 50 ரூபாய் போடுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, "பத்தாயிரத்துக்கு அப்புறம் என் பேரை வாசிச்சா கூச்சமா இருக்குய்யா" என்றார். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பாராட்டிய இயேசுவின் ஆலயத்தில் இப்படியொரு கூச்சம் வரலாமா? கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டாமா என்பார்கள். சரி, வேண்டும்தான். ரசீது எண்ணையும் தொகையையும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே. ஆராதனையில் பெயரையும் ஸ்தோத்திரத்துக்கான காரணத்தையும் மட்டும் சொல்லி ஜெபித்தால் போதும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் வரும்போதே, சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிகள் இதைத் தொடங்கலாம்.

- ஒரு வாசகர், திருநெல்வேலி