தாய் எங்கே இருக்கிறது?

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காப்பி பழுத்துக் கிடக்கிறது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை, எஸ்டேட் கணக்கை மூடிவிட்டு வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்பதாகிவிடுகிறது, அப்புறம் எங்கே எழுதுவது. கன்னங்குறிச்சியில் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். இனிமேல் மூக்கனேரிப் பக்கம் தினமும் காலையில் நடக்கப் போகிறாயாம். முப்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நாய் வந்தால் நடந்துதான் தீரவேண்டும், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் நாய்க் கட்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு கோல்டன் ரெட்ரீவர் நாய் வேண்டும், தங்கச்சிக்குக் காசு கொடுத்து உயிரை வாங்குவது பிடிக்கவில்லை, தெருவில் கிடப்பதில் ஒன்றை எடுத்து வளர்க்கலாமே என்கிறாள், நீ இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். உன் குணம் மாறவே இல்லை.

2011-இல் நான் வாங்கிய லேப்ரடார் (லேப்) குட்டியின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். செத்துப்போனது தெரியும், எப்படி வாங்கினேன் என்பதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒருவன் பைக்கில் பிளாஸ்டிக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தான், 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு குட்டியைக் கையில் கொடுத்தான். தாய் எங்கே என்று கேட்டேன். "ஈரோட்டுல இருக்குதுங்க சார், ஓனர் ஊர்ல இல்ல" என்றான். 45 நாள் குட்டி என்றான், பல்லைப் பார்த்த டாக்டர் முப்பது நாள்கூட இருக்குமா என்று சந்தேகப்பட்டார். நாலாம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தமாகப் பேதி. பார்வோ, குட்டி நாய்களைக் கொல்லுகிற வைரஸ் நோய். நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்று கார் பிடிப்பதற்குள் என் மடியிலேயே போய்விட்டது. அந்த வைரஸ் உள்ளே போய் வழக்கமாக 3 முதல் 7 நாளில்தான் வெளியே தெரியுமாம். கணக்குப் போட்டுப் பார், பெரும்பாலும் அது வரும்போதே கொண்டுவந்திருக்கிறது. இன்னொன்றும் டாக்டர் சொன்னார்: மண்ணில் அது மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், ஊசி போடாத குட்டி எதையும் ஒரு வருஷத்துக்கு இந்த வாசலுக்குக் கொண்டுவராதே என்று. பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன், அதற்கெல்லாம் அது சாகாது, பிளீச்சிங்தான் வேண்டும் என்றார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நாம் "பிரீடரிடம் வாங்கினேன்" என்று சொல்வதில் முக்கால்வாசி இந்தக் கூடைக்காரன்தான். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்பது சும்மா வைத்த கணக்கு இல்லை. கூடப் பிறந்ததைக் கடித்து, அது கத்தி, தாய் வந்து ஒரு உறுமல் உறுமினால்தான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பது குட்டிக்குப் புரிகிறது. முப்பது நாளில் பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை உன் கைவிரலில்தான் படிக்கும்.

நல்ல ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். என் சித்தப்பா மகன் ராஜபாளையம் பக்கம் போய் அந்த வெள்ளை நாய்க் குட்டி ஒன்று வாங்கினான். (2005-இல் தபால்தலையில்கூட வந்த ஜாதி அது.) அந்தப் பெரியவர் தாயைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிக் காட்டினாராம். அந்த ஜாதியில் வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வரும், திரும்பாத குட்டியை அவரே தனியாக எடுத்து வைத்துவிட்டார். அதற்கப்புறம் இவனைக் கேள்வி கேட்டிருக்கிறார், வீடு சொந்தமா, காம்பவுண்ட் எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள் என்று, பெண் கொடுக்கிறவர் மாதிரி. அந்த மாதிரி ஆள் கிடைத்தால் தாராளமாக வாங்கு. கென்னல் கிளப் சர்டிபிகேட் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் மயங்காதே, அது அப்பன் பாட்டன் யார் என்று சொல்லும், இடுப்பு எலும்பு சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. கோல்டனுக்கும் லேபுக்கும் அந்த இடுப்புக் கோளாறு பரம்பரையாக வரும், தாய் தகப்பன் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேள். கேட்டதும் முறைத்தால் எழுந்து வந்துவிடு.

ஆனால் கோல்டன் என்பதே எனக்கு ஒப்பவில்லை. ஸ்காட்லாந்தில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, சுட்ட வாத்தைத் தூக்கி வருவதற்காக உருவாக்கிய நாய், இரட்டை அடுக்கு முடி. நம்ம சேலத்து மே மாதத்தில் நமக்கே நாக்குத் தள்ளுகிறது. ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பக் நாய் வந்த காலத்தில் தெருவுக்கு ஒன்று வாங்கினார்களே, அந்தச் சப்பை மூக்கோடு சித்திரை வெயிலில் அது மூச்சுவிடப் பட்ட பாட்டை நீயும் பார்த்தவன்தானே.

தங்கச்சி கட்சியிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தெருநாய்க்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், ஊசியே வேண்டாம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அது சுத்தப் பொய், தெருக் குட்டிகள்தான் பார்வோவில் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. 6, 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரைக்கும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, இது எந்த ஜாதிக்கும் ஒன்றுதான். அப்புறம் பாவம் என்று எடுக்கக் கூடாது. பாவம் பார்த்து எடுத்த நாய் சோபாவைக் கிழிக்கும்போது பாவம் தீர்ந்துபோய்விடும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில் சொன்னதிலும் ஒன்று உண்டு, தத்து எடுக்கிறவர் அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று.

என் செவலை உனக்குத் தெரியும். யாரோ காரில் கொண்டுவந்து மலையில் இறக்கிவிட்டுப் போனது, வரும்போதே வளர்ந்த நாய். மூன்று வாரம் திண்ணைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. குடை பிடித்த ஆளைக் கண்டால் இன்றைக்கும் ஆகாது, பக்கத்து வீட்டுக் கோழி இரண்டைத் தின்றதற்கு நான் தண்டம் கட்டினேன். ஆனாலும் வளர்ந்த நாயில் ஒரு வசதி, குணம் என்ன, உயரம் என்ன, எல்லாம் வெளியே தெரிந்துவிடும். குட்டி என்றால் லாட்டரிதான். பாப்பா குட்டிதான் வேண்டும் என்று நிற்பாள், அதுவும் தெரியும்.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பக்கம் ஒரு கருப்பு நாய் கார்த்திகையில் ஆறு போட்டது. ஆண் குட்டி நாலையும் ஆட்கள் இப்போதே கேட்டு வைத்துவிட்டார்கள். பொட்டை இரண்டும் வழக்கம்போல யாருக்கும் வேண்டாமல் சாக்கில் படுத்துக் கிடக்கிறது, பொங்கல் வந்தால் எட்டு வாரம் முடியும். பூச்சி மருந்தும் முதல் ஊசியும் நானே போட்டுவிட்டேன். முக்கியமான விஷயம், தாய் இங்கேயே இருக்கிறது, லைன் வீட்டுப் பிள்ளைகள் அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு விளையாடுவதை நாலு வருஷமாகப் பார்க்கிறேன், ஒருமுறைகூடப் பல்லைக் காட்டியதில்லை. குட்டிகள் போனதும் அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடச் சொல்லி டாக்டரிடம் பேசியிருக்கிறேன். குட்டிக்கும் ஆறேழு மாதத்தில் நீ செய்துவிட வேண்டும், அதற்குச் சரி என்றால் மட்டும் மேலே வா.

எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை, மாட்டுப் பொங்கலன்று மூன்று பேரும் வந்து ஒரு பகல் உட்கார்ந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் காப்பி குடித்துவிட்டுப் போங்கள். வரும்போது பழைய துணி நாலு எடுத்து வா. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் குட்டி வாந்தி எடுக்காமல் இருக்காது, காலேஜ் டூரில் நீயே பன்னிரண்டாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தியவன்தானே.

உன்
பழைய ரூம்மேட்
ஏற்காடு