மக்களே, நீ போனில் கேட்டதற்கு

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் பையனை எங்கே சேர்ப்பது என்று பேசிக்கொண்டே இருந்தவள், நடுவில் "என்னை மட்டும் ஏம்மா உன் ஸ்கூல்லயே போட்டே?" என்று கேட்டுவிட்டாய். உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

குலசேகரத்திலிருந்து நீயும் நானும் ஒரே பஸ்ஸில் பேச்சிப்பாறைப் பக்கம் அந்த அரசுப் பள்ளிக்குப் போனோமே, அப்போது உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் மலையில் இருக்கிற காணிக்காரப் பழங்குடிப் பையன் ஒருவன் இருந்தான், ஞாபகம் இருக்கிறதா? முதல் பீரியட் கணக்கில் தினமும் தூங்குவான். எழுப்பி நிற்க வைப்பேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம். அப்புறம் ஒருநாள் நோட்டைத் திருத்தும்போதுதான் அவன் விரலைப் பார்த்தேன். நகத்தோரமெல்லாம் காய்ந்த ரப்பர் பால் தோல் மாதிரி ஒட்டியிருந்தது, பக்கத்தைப் புரட்டினால் தாளும் கூடவே கிழிந்து வந்தது. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்று விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு ரப்பர் வெட்டுக்குப் போய், மரம் மரமாகச் சிரட்டை வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்திருக்கிறான். அவனைத்தான் நிற்க வைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

கணக்கை இடைவேளைக்குப் பிறகு மாற்றினேன். காலை உணவுத் திட்டம் வந்ததே 2022-இல்தான், அதுவும் நான் ஓய்வு பெறும் வரை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆறாம் வகுப்புக்குப் போனால் பசிக்காதா? அவன் சாதிச் சான்றிதழுக்காக அவன் அப்பா எத்தனை தடவை மலை இறங்கினார் தெரியுமா? ஒரு தடவை இறங்கினால் ஒரு நாள் வெட்டு போச்சு, கூலியும் போச்சு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே நம் கன்னியாகுமரி மாவட்டம்தான் முதலிடம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். எனக்கு அந்த மிச்சம் எட்டேகால்தான் கண்ணில் நின்றது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ சேருவதற்கு முந்தின வருடம் ஒரு பையனின் அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "டீச்சர் சொந்தப் பிள்ளைய வேன்ல ஏத்தி விட்டுட்டு, நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வாறாங்க." அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உன்னைச் சேர்த்த பிறகுதான் அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கதவு உள்ள ஒரு கழிவறை இல்லை என்பது எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் மட்டும் அந்தக் குறை இல்லாமலா இருந்தது? மனு எழுதினேன், அலைந்தேன், சண்டை போட்டேன், எட்டு மாதத்தில் கதவு வந்தது. நீ அங்கே இல்லாவிட்டால் அவ்வளவு அலைந்திருப்பேனா? அலைந்திருக்க மாட்டேன் மக்களே. அதனால்தான் உன்னை அங்கே போட்டேன். இங்கிலீஷ் பேசத் தயங்கித் தயங்கிக் கல்லூரியில் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், அதற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

பேரனை உங்கள் தெருவில் இருக்கிற அரசுப் பள்ளியில் சேர். சேர்த்துவிட்டு, என்ன இல்லையோ அதைப் போய்க் கேள்.

வாரத்தில் இரண்டு நாள் இன்னும் மலைக்குப் போய் வருகிறேன், முட்டு வலி பரவாயில்லை. அடுத்த தடவை வரும்போது உன் அலமாரிச் சாவியை எடுத்து வா. உள்ளே உன் பழைய அட்லஸ் இருக்கிறது, இங்கே பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அம்மா